பெரட்டுத் தப்பில் ஏறிய தாலி

பிள்ளைகளே, உங்கள் அம்மாவை நான் கட்டிய கல்யாணம் ஒரு சத்தப் புகாரால் நின்றுபோகப் பார்த்தது. சிரிக்காமல் கேளுங்கள். சொல்லும்போது நானே சிரித்துவிடுவேன்.

அப்போது மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பத்துக் காம்பரா வீடு, ஒரே கூரை. நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. ஒருவர் இருமினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். ஆனாலும் யாரும் யார்மேலும் புகார் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எங்கே குடிபோவது? புகார் துரையின் மேட்டுப் பங்களாவிலிருந்துதான் வந்தது. புதிதாக வந்த துரைசாணிக்குத் தப்பு மேளத்தின் சத்தம் தலைவலியாம். இனி லயத்தில் தப்பு அடிக்கக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, கூப்பிடும் தப்புக்கு மட்டும் தடையில்லை.

என் கல்யாணத்துக்கு நான்கே நாள் இருந்தது. பூனாகலையிலிருந்து உங்கள் தாத்தா நடந்தே வந்துவிட்டார்.

"தப்பு இல்லாம தாலியா? எம் பொண்ண என்ன திருட்டுத்தனமாவா அனுப்புறேன்? பொண்ணு வராது மாப்புள்ளே!"

நான் கங்காணியிடம் ஓடினேன். அவர் தாடியைச் சொறிந்தார். "பெரட்டுக்கு அடிக்கலாம்ல? அந்த நேரத்துல கட்டிருடா."

அப்படியே, கிழக்கு வெளுக்கும்போது தப்பு முழங்கியது, தாலியும் ஏறியது. ஆனால் தப்புக்காரருக்குக் குஷி பிறந்துவிட்டது. பெரட்டு அடி கல்யாண அடியாக மாறி, நிற்கவே இல்லை. அடுத்த மலை லயத்து ஆட்கள் என்னமோ ஏதோ என்று கூடையும் கையுமாக ஓடி வந்தார்கள். வந்தவர்கள் முதுகில் கூடையோடு ஆடவும் தொடங்கிவிட்டார்கள்!

அந்த நேரம் பார்த்துக் குதிரையில் துரை வந்து நின்றார். ஆட்டம் அப்படியே உறைந்தது.

"என்னா கங்காணி, எதுக்கு இவ்வளவு நேரம் அடி?"

"ஆளுங்க தூங்குறாங்க தொரை. எழுப்பணும்ல?"

துரை பார்த்தார். ஓர் ஆள் குறையாமல் எல்லாரும் நின்றார்கள். அவர் முகம் மலர்ந்தது. "நல்லது! தெனம் இப்படியே அடி!"

வேலைக்கு அடிக்கும் சத்தம் துரைசாணிக்குத் தலைவலி தராது போலிருக்கிறது.

உங்கள் தாத்தா துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். "இனிமே ஒங்களுக்குத் தெனமும் கல்யாணந்தான் மாப்புள்ளே!"

தாலி கட்டிய கையோடு எனக்கும் பேர் விழுந்தது. தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியுடன் மலையேறினேன். மத்தியானம் ஆட்கள் சோற்றுக்கு இறங்கிய பிறகு, தனியாக உச்சிப் பாறையில் ஏறி, பங்களாவுக்குக் கேட்காத பக்கமாகத் திரும்பி நின்று, உங்கள் அம்மாவின் பேரை அடிவயிற்றிலிருந்து ஒரு தடவை கூவினேன்.