மருத்துவச்சி வேலையும் மிஸ்ஸி வேலையும்

மலாக்கா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்கள் கேட்டிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்திருந்ததால் விண்ணப்பத்தை நானே எழுதிவிட்டேன். அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவர் ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர். தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் படிப்பு கிடையாது.

தாளை நீட்டிய நேரம் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நர்சுன்னா என்னம்மா வேலை?" என்றார் அப்பா.

"காயத்துக்குக் கட்டுப் போடணும். பிரசவம் பாக்கணும்."

"மருத்துவச்சி வேலைன்னு சொல்லேன்," என்றாள் அத்தை. "அண்ணே, பொண்ண லாரியில ஏத்தி எறக்கிப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?"

அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிரசவம் பார்த்தது நாவிதர் வீட்டு அம்மா. என்னையும் அவள்தான் எடுத்தாள். அத்தை பெற்ற மூன்றையும் அவள்தான் எடுத்தாள். வேலை முடிந்ததும் பின்பக்கமாகப் போய்விட வேண்டும். தண்ணீர் கேட்டால் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். அவள் கையில் விழுந்த நாங்கள் எல்லாம் சுத்தம், அந்தக் கை மட்டும் தீட்டு. இதை அத்தையின் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குக் கையெழுத்து தேவைப்பட்டது.

சனிக்கிழமைக்குள் தாளைத் தபாலில் போட்டாக வேண்டும். வியாழக்கிழமை லாரியை ஸ்டார்ட் பண்ணும் இரும்புக் கம்பி திருப்பி அடித்து அப்பாவின் வலது கை கிழிந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். மறுநாள் கட்டோடு வந்தவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை.

"அங்க ஒரு மிஸ்ஸி இருக்கா. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து. அவ சொன்னா வெள்ளைக்கார டாக்டரே கேக்கறான்லா! நீ அந்த மாதிரி வேலைக்கு எழுதிப் போடேன்."

நர்சைத்தான் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்பார்கள்; அப்பாவுக்கு அது தெரியவில்லை. "போடறேம்ப்பா," என்று அதே தாளை எடுத்து வந்தேன்.

"இது அந்த மருத்துவச்சித் தாள் இல்லியே?"

"மிஸ்ஸித் தாள்."

கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். பெயரில் பாதி கோட்டுக்குக் கீழே போய்விட்டது. பரவாயில்லை.

"மிஸ்ஸிங்க பிரசவமெல்லாம் பாக்க மாட்டாங்கல்ல?"

மை காய்கிறவரை ஊதினேன். பிறகு தாளை மடித்தேன்.

"பாப்பாங்கப்பா," என்றேன்.