ஏலக்காய் ஸ்டோரில் காயவைத்த போட்டு

அந்த மோட்டார் போட்டில் நான் ஒரே ஒரு முறைதான் ஏறியிருந்தேன். ஏறிப் பத்து மூச்சு விடுவதற்குள் இறக்கிவிட்டார்கள்.

இறக்கிவிட்டவர் எஸ்டேட்டுச் சூப்பர்வைசர். அப்போது என் மகன் வயிற்றில் எட்டு மாதம். எஸ்டேட்டுக்கு நடுவே ஒரு ஏரி உண்டு, கைவிரலை விரித்துவைத்த மாதிரி. அக்கரையில் ஏலக்காய் எடுத்து, மூட்டையைப் போட்டில் ஏற்றிவிட்டு, பெண்கள் நாங்கள் ஏரியைச் சுற்றி நடந்து, குடியிருந்த லயத்து வீடுகளுக்கு வருவோம். அன்றைக்கு மழை. மூட்டை குறைவு, இடம் கிடந்தது. ஏறி உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் என் வயிற்றைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“ஏ புள்ள, காலு பூரா சேறு. பலகை நாசமாப் போயிரும். எறங்கு.”

இறங்கினேன். போட்டு போய்விட்டது. வழியில் ஒரு ஓடை, இடுப்புக்கு மேல் தண்ணீர். லயத்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். காலில் அட்டை கடித்த இடத்தைப் பார்க்கக்கூட என்னால் குனிய முடியவில்லை.

பிறகு நாங்கள் மலையை விட்டுப் போடிக்கு வந்துவிட்டோம். சூப்பர்வைசரும் வயசாகி இறங்கிவந்து, எங்களுக்குப் பின்தெருவில் வீடு கட்டினார். தினமும் குரங்கணி ரோட்டில் நடை போவார், டீக்கடையில் உட்கார்ந்து போட்டு ஓட்டிய பெருமையைப் பேசுவார். என்னைக் கண்டால், “என்ன தாயி, சௌக்கியமா?” என்பார். “அய்யா புண்ணியத்துல” என்று கும்பிடுவேன். கும்பிட்ட கையை வீட்டுக்கு வந்து கழுவிவிடுவேன்.

வயிற்றில் இருந்த அந்த மகன் இப்போது ஜீப்பு மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன்னால், அதே எஸ்டேட்டில் ஒரு ஜீப்பு நின்றுபோனதென்று அவனைக் கூப்பிட்டார்கள். நானும் தொற்றிக்கொண்டு போனேன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு வெளியே விறகு குவித்திருந்தது. கட்டைகளுக்கு நடுவே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது அந்தப் போட்டு. எஸ்டேட்டை வாங்கியிருந்த மலையாளத்துப் பையனிடம் கேட்டேன்.

“அது விறகல்லே அம்மச்சி? வேணும்னா எடுத்தோ. ஏரியில ஓடிச்சுன்னா எனக்கும் சந்தோஷம்” என்றான்.

மகன் என்னைத் தனியாகக் கூட்டிப்போனான். “யம்மா, உனக்கு என்ன ஆச்சு? போட்ட வச்சு என்ன செய்யப் போற?”

“ஒரு ஆள எறக்கிவிடணும்டா.”

“எறக்கவா?”

“மொதல்ல ஏத்தணும்.”

அவனுக்கு அந்தக் கதை தெரியும். தாலாட்டுக்குப் பதிலாக அதைத்தான் சொல்லி வளர்த்தேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான். மறுவாரம் பக்கத்து ஊரான சிலமலையில் ஒரு கிணற்றுமேட்டில் துருப்பிடித்துக் கிடந்த பம்புசெட்டு இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினான்.

போடியில் கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி ஒருவரைக் கூட்டிப்போனோம். அவர் போட்டைக் கட்டில் என்று நினைத்துத்தான் வேலை பார்த்தார். மக்கின பலகை நாலைப் பெயர்த்துப் புதுசு போட்டார், இழைத்தார். மழை மாதம், மரமெல்லாம் ஈரம். ஈரத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஈரமான காயை ஒரு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதுதான் நான் படித்த ஒரே படிப்பு. ஸ்டோர்க் கதவைக் கழற்றி, போட்டை உள்ளே தள்ளி, இரண்டு நாள் அனல் போட்டோம். எடுத்துத் தட்டினால் கணீரென்று சத்தம். அதற்கு மேல் வார்னீஷ் அடித்தோம். கல்யாணப் பொண்ணு மாதிரி மினுங்கியது.

நேரே சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். “அய்யா ஓட்டுன போட்டு. அய்யாதான் மொதல்ல உக்காரணும்.”

மனுசன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுவதுதான் என் திட்டம். ஆனால் கரையை விட்டுப் பத்தடி போவதற்குள் பலகைக்குப் பலகை தண்ணீர் பீய்ச்சியது. எல்லாரும் முழங்கால் நனைந்து திரும்பினோம். அவர் கரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“ஏலக்காய்னு நெனச்சியா தாயி, காயப்போட? மரம் சுருங்கிச் சந்து விட்டுருச்சு பாரு. பஞ்சத் திரிச்சு சந்துல அடிக்கணும், குங்கிலியத்த எண்ணெயில காய்ச்சி ஊத்தணும். பெறகு தண்ணிக்குள்ள அமுக்கிப் போட்டுறணும். பலகை தண்ணி குடிச்சு உப்பி, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிரும்.”

பழி ஒன்றாக இருந்தது, அந்தச் சிரிப்போடு இரண்டாக ஆனது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன், “அய்யாவே வந்து சொல்லிக்குடுத்தா என்ன?”

வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகனுடைய ஜீப்பில் வளைவுகள் ஏறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். பொறுக்காமல் தானே இறங்கிப் பஞ்சு அடித்தார். தன் தூக்குக் கயிற்றைத் தானே திரிக்கிற ஆளுக்கு டீ ஊற்றிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு ஞாயிறு, குங்கிலியம் கையில் சுட்டுக்கொண்டு அவர் ஊதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பாவமாக வந்தது. உடனே டீயில் சர்க்கரையைக் குறைத்தேன்.

போட்டுக்குள் கல்லை ஏற்றி, கரையோரம் எட்டு நாள் முக்கிப் போட்டோம். எடுத்து, நீரை இறைத்து, இன்ஜினை வைத்து ஓட்டினால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

மகன் ஓட்ட, அவர் முன்பலகையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கரையில் நிறுத்தச் சொன்னேன்.

“எறங்குங்க அய்யா.”

“இங்க என்ன இருக்கு?”

“இங்கதான் என்னைய எறக்கிவிட்டீங்க. வயித்துல இவன் இருந்தான். சேத்துக் கால்னு சொன்னீங்க.”

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். “எத்தன பேர எறக்கியிருப்பேன் தாயி. ஒவ்வொன்னையும் ஞாபகம் வச்சுக்கிற முடியுமா?”

இத்தனை வருடம் அதை எனக்கென்று நடந்த ஒன்றாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவருக்கு அது பல் தேய்க்கிற மாதிரி தினச்சோலி. அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் மழையன்றுகூட வந்ததில்லை.

“அப்ப நடந்து பாருங்க. ஞாபகம் வருதான்னு பாப்போம்.”

மகன் முகத்தைப் பார்த்தார். மகன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டான். இறங்கிவிட்டார்.

அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. கரையோரமாக, அவர் நடைக்கு நடை போட்டை விடச் சொன்னேன். மடியில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. கடித்துக்கொண்டே கேட்டேன், “குரங்கணி ரோடு மாதிரி இருக்கா அய்யா?”

“வழுக்குது.”

“வெரசா நடங்க. இருட்டுனா யானை எறங்கும்.”

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரை உள்ளே வளைந்து வளைந்து போனது. ஒரு மணி நேரம் நடந்து ஓடைக்கு வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை சேறு. ஓடையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மழையில இதை எப்பிடித் தாயி தாண்டுன?”

“நீங்கதான அய்யா கையப் பிடிச்சுத் தாண்டிவிட்டீங்க. மறந்துபோச்சா?”

அவர் தலை குனிந்தது. சின்னக் குரலில், “ஏறிக்கிறட்டுமா?” என்றார்.

மகன் போட்டைக் கரைக்கு ஒட்டினான். நான் எட்டி அவர் காலைப் பார்த்தேன்.

“காலு பூரா சேறு. கழுவிட்டு ஏறுங்க.”

கல்லில் உட்கார்ந்து கழுவினார். “பெருவிரல் இடுக்குல இருக்கு” என்றேன். மறுபடி கழுவினார். “குதிகால்” என்றேன். கழுவினார். மூன்றாவது முறைதான் ஏறவிட்டேன். ஏறியவர் கீழே பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். வார்னீஷ் பலகை மேல், முன்னாலிருந்து பின்னால் வரை, காய்ந்த சேற்றில் கால்தடம் இருந்தது. காலையில் நான் வேண்டுமென்றே சேற்றை மிதித்துக்கொண்டு வந்து ஏறிய தடம். அவர் அதன் மேல் தன் கால் பட்டுவிடாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.