டொறத்தியின் கையிலிருந்த கருவி

ஜெர்மனியின் ஹனோவரில் பேனாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, இத்தாலியச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கிய மனிதர். நாலு பேரின் வேலையைத் தனியாளாகச் செய்வார் என்று முதலாளி அவரை விடுமுறையில் போகவே விடமாட்டான். அப்படிப்பட்டவர் சட்டைக்குப் பொத்தான் பூட்டவே நெடுநேரம் மினக்கெட்டால் மனைவி டொறத்தி சும்மா இருப்பாளா? "வர வரச் சோம்பல் பிடிச்சுப்போச்சு உங்களுக்கு" என்று வாய் ஓயாமல் ஏசினாள். பிறகுதான் அது பார்க்கின்சன் என்று தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது டொறத்திக்கு.

2018 ஆவணியில் மகள் மெலனிக்குக் கலியாணம். மகளைக் கையில் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். பேனாட்டுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மருந்துக் குளிசையைக் கூட்டினால் நடை சரிவரலாம், ஆனால் அதற்குமுன் ஒரு கிழமை, ஏழு நாளும், பார்க்கவேண்டும் என்று டொக்டரம்மா மணிக்கூடு மாதிரி ஒரு கருவியை அவரது வலக்கையில் கட்டிவிட்டார். கை எவ்வளவு மெதுவாக அசைகிறது என்று அது பதிந்துகொண்டே இருக்குமாம். கழற்றி வைக்கக் கூடாது என்று தாதி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டில் சோறும் மீன்குழம்பும். எங்கள் ஆட்கள் கையால் குழைத்துத்தானே சாப்பிடுவார்கள். டொறத்தி பதறிப்போனாள். "ஐயோ, ஆஸ்பத்திரிச் சாமான், குழம்பு படப்போகுது. கழட்டித் தாங்கோ." சும்மா வைக்கவும் பயம். தன் கையிலேயே கட்டிக்கொண்டாள். அவர் மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடிப்பதற்குள் வெங்காயம் அரிந்தாள், மா குழைத்தாள், சட்டி பானை தேய்த்தாள். கிழமை முழுக்க இதே கூத்து.

திரும்பி வரச்சொல்லிக் குறித்திருந்த அடுத்த டெர்மினில் டொக்டரம்மா கணினியில் கோடுகளைக் காட்டிச் சந்தோஷப்பட்டார். "மத்தியானமும் இரவும் கை எவ்வளவு சுறுசுறுப்பு, பாருங்கள்! மருந்து நன்றாகப் பிடிக்கிறது. கூட்டத் தேவையில்லை."

டொறத்திக்கு விளங்கிவிட்டது. அந்தச் சுறுசுறுப்பெல்லாம் அவள் சட்டி தேய்த்த தேய்ப்பு. அந்த நாட்டு டொச்சு மொழி அவளுக்கு நன்றாகவே வரும், சொல்லியிருக்கலாம். பட்டிக்காட்டுச் சனம் என்று நினைப்பார்களே என்ற வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. கலியாணம் முடியட்டும், சொல்லலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

பேனாட்டோ கருவி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். "எனக்கு ஏலும் எண்டு மெஷினே சொல்லிப்போட்டுது. நான்தான் மனம் வைக்கிறேல்லை" என்று ஒவ்வொரு நாளும் தெருவில் நடந்து பழகினார். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இவள்?

கலியாணத்தன்று கோயில் வாசலில் அவருடைய கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஓர்கன் வாசித்து முடிந்து மறுபடியும் தொடங்கியது. மெலனி அழாமல் நின்றாள். கடைசியில் டொறத்தியின் தம்பி கிறிஸ்தோப்பர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமையே டொறத்தி டொக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் ஏசவில்லை. குளிசையைக் கூட்டினார். ஒரு மாதத்தில் பேனாட் கடைக்குத் தனியாகப் போய்வரத் தொடங்கினார். அந்த நடையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவரை இருத்திவைத்து உள்ளதைச் சொன்னாள். ஏச்சு வாங்கிக் கட்டத் தயாராகத்தான் நின்றாள்.

அவர் கேட்டது இதுதான்: "இதை மெலனிக்கும் ஒருக்காச் சொல்லுவீரே? மனம் வைக்காதது என்ரை பிழை எண்டல்லோ அவளிட்டை மன்னிப்புக் கேட்டனான்."