சுங்காய்க்கு நான் போகாத ஞாயிற்றுக்கிழமை

ஒரு இசைக்குழுவுக்குப் பின்னால் ஊர் ஊராக அலைவதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஒரே ஒரு நாள் வராமல் போனால் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் ஆயுசு முழுக்க எல்லாரும் உங்களிடம் பேசுவார்கள்.

எங்கள் குழுவின் பெயர் நிலாமணி. ஈப்போ குழு. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் பாதிவரை மலேசியாவில் பேராக் மாநிலத்தில் அது வாசிக்காத தோட்டம் குறைவு. நான் அப்போது பத்து காஜா டவுன் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை. காலையில் மரம், மத்தியானம் தூக்கம், சனி ஞாயிறு நிலாமணி. என்னைப் போலப் பின்னாலேயே போகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். எங்களுக்கு 'வால்' என்று மற்றவர்கள் பேர் வைத்திருந்தார்கள். நீங்களும் எந்தக் குழுவுக்காவது வாலாக இருந்தவர் என்றால் நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். என் பெண்டாட்டிக்கு இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது.

காட்டுக்குள் போவது

நிலாமணி வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டுதான். மற்ற குழுக்கள் பாட்டை ரேடியோவில் வருகிற மாதிரியே வாசித்து முடித்துவிடும். நிலாமணியில் கிதார் வாசித்த தம்பிராசா அப்படி இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைச் சட்டை, கணுக்கால்வரை மடிப்புக் கலையாத சிலுவார். இரண்டாவது சரணம் முடிந்ததும் பாடகர் மைக்கை விட்டுத் தள்ளி நின்றுகொள்வார். தம்பிராசா கண்ணை மூடிக்கொண்டு பாட்டை விட்டு மெல்ல விலகுவார். முதலில் பாட்டுக்குப் பக்கத்திலேயே போவார். பிறகு பாட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. டிரம்ஸ்காரர் அவர் பின்னாலேயே ஓடுவார். பத்து நிமிஷம் ஆகும், சில நாள் அரை மணி நேரம் ஆகும். 'காட்டுக்குள்ள போயிட்டாரு' என்று நாங்கள் சொல்வோம். பால் வெட்டுகிறவனுக்குத் தெரியும், தன் மர நிரையைத் தவறவிட்டால் எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். இவர் எந்தப் பக்கமாகத் திரும்பி வரப்போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். திடீரென்று பல்லவியின் முதல் சொல்லில் வந்து காலை வைப்பார். ஒருமுறை வந்த வழியில் மறுமுறை வரமாட்டார். அதற்காகத்தான் அலைந்தோம்.

எல்லாருக்கும் இது பிடிக்காது. எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் அவர் காட்டுக்குள் போன நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எங்களை வேலை வாங்கும் தண்டல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "பெருமாளு, நான் கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன், அந்த ஆளு வீட்டுக்குத் திரும்பி வந்ததும் எழுப்பிவிடுலா."

பாகான் செராய் நாற்காலிகள்

மேடைக்கு இடது பக்கம், முன்னால். அதுதான் என் இடம். அங்கே நின்றால் தம்பிராசா காலில் போட்ட சப்பாத்து தெரியும். பாட்டை விட்டு விலகுவதற்கு முன் அவர் வலது சப்பாத்து முனையைத் தரையில் இரண்டு தடவை தட்டுவார். அதைப் பார்த்துவிட்டால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

பாகான் செராய் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்று மணிக்கே என் இடத்தில் நின்றுவிட்டேன். தோளில் மஞ்சள் துண்டு போட்ட ஒரு தொண்டன் வந்தான். அந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவன். என்னைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஆறு நாற்காலி போட்டான். பெரிய மனிதர்கள் வரப்போகிறார்களாம். பின்னால் போனால் சப்பாத்து தெரியாது. அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கி, வயல் வரப்பில் போய் நின்றேன். வரப்பு மெத்தென்று உள்வாங்கியது. முழங்கால்வரை சேறு. அங்கிருந்தே கச்சேரி முழுவதும் கேட்டேன். அன்றைக்கு அவர் காட்டில் ரொம்ப தூரம் போனார். பெரிய மனிதர்கள் ஒருவர்கூட வரவில்லை. ஆறு நாற்காலியும் கடைசிவரை சும்மா கிடந்தன.

அந்த ஊர் வழியாக அதற்குப் பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவன் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. அவனுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்குக் கச்சேரி முடிந்து நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவனே வந்து தண்ணீரைத் திறந்துவிட்டு அக்கறையாகக் கேட்டான்: "ஏன்ணே சேத்துல போயி நின்னீங்க, நாற்காலிலாம் சும்மாதானே கெடந்துச்சு?"

அந்த ஞாயிறு

எழுபத்தாறோ ஏழோ, வருஷம் சரியாக நினைவில்லை. சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் திருவிழா. மத்தியானம் மூன்று மணிக்கு நிலாமணி. என் கூட்டாளி முனியாண்டியிடம் மோட்டார் இருந்தது. எப்போதும் அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்காருவேன். அன்று காலையிலிருந்தே மழை. பத்து மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு என் லயத்து வீட்டுக்கு வந்தான். "மழைலா மச்சான், கச்சேரி இல்லையாம்" என்றான். நம்பினேன். பசியாறிவிட்டுப் படுத்துத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும்.

திங்கட்கிழமை பால் நிறுக்கும் கொட்டகையில் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. கச்சேரி நடந்திருக்கிறது. பாதியில் மழை பலத்து, கரண்ட் போயிருக்கிறது. கூட்டம் முழுவதும் கோயில் தகரக் கூரைக்குள் ஒண்டியிருக்கிறது. தம்பிராசா கரண்ட் கிதாரை வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து சாதாரண கிதாரை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்திருக்கிறார். டிரம்ஸ்காரர் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டியிருக்கிறார். ஒரே பாட்டு, ஒன்றரை மணி நேரம். மழை விட்டதே யாருக்கும் தெரியவில்லையாம்.

முனியாண்டி போயிருக்கிறான். அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் அண்ணன் குணா, கச்சேரி பார்க்க ஆசைப்பட்டானாம். குணா சரி என்றால்தான் கல்யாணம். அதனால் என் இடத்தில் குணாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். "நேரா சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பேனேடா" என்று கொட்டகையிலேயே கேட்டேன். அவன் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சொன்னா நீ விட்டுக் குடுத்திருப்பியா மச்சான், பின் சீட்டு ஒன்னுதானே இருக்கு?"

ஆளுக்கு ஒரு சுங்காய்

முனியாண்டியோடு இரண்டு வருஷம் பேசவில்லை. ஆனால் கச்சேரிக்குப் போக வேறு வண்டி இல்லை. அதனால் பேசாமலே அவன் மோட்டாரில் உட்கார்ந்து போனேன். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது தோளைத் தட்டுவேன். தாப்பா போகும் வழியில் சங்கிலி அறுந்த அன்றுதான் "தள்ளு" என்று ஒரு சொல் சொன்னேன். அதைப் பேசியதாக அவன் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

அந்த இரண்டு வருஷமும் சுங்காய்க்குப் போனவர்களை ஒருவர் விடாமல் கேட்டேன். என்ன பாட்டு, எங்கே விலகினார், எப்படித் திரும்பி வந்தார். ஒருவன் தாலாட்டு மாதிரி இருந்தது என்றான். இன்னொருவன் சாவு வீட்டில் அழுகிற மாதிரி இருந்தது என்றான். குணா, கொசு அதிகம் என்றான். டிரம்ஸ்காரரிடமே கேட்டேன், கை வலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். ஒவ்வொருவரையும் வாயால் பாடிக் காட்டச் சொன்னேன். ஒருவர் பாடியது இன்னொருவர் பாடியதுபோல இல்லை. அதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, காலையில் பால் வெட்டும்போது நானே மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பாதிவரை வரும். அதற்கு மேல் வராது.

எங்கள் வால்களில் நாகம்மாக்கா ஒருத்திதான் பெண். ஈப்போவில் பிஸ்கட் பேக்டரியில் வேலை. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு டப்பா உடைந்த பிஸ்கட் கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுப்பாள். பொய் சொல்லத் தெரியாதவள். கடைசியாக அவளிடம் கேட்டேன். வாயைத் திறந்து பாட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு என் கையில் இரண்டு பிஸ்கட்டை வைத்துச் சொன்னாள்: "அத சொல்ல வராதுப்பா, நீ அங்க இருந்திருக்கணும்."

மெயின் சுவிட்ச்

இப்போது சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் குணாவுக்கு ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மத்தியான விருந்துக்கு நிலாமணி. சுங்காயில் என் இடத்தில் நின்றவனுடைய கல்யாணம். நான் போனது குணாவுக்காக இல்லை.

மூன்றாவது பாட்டில் தம்பிராசா சப்பாத்தைத் தட்டினார். அந்த நேரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. சுங்காயில் கரண்ட் போனதால்தானே அப்படி வாசித்தார். சமையல் கட்டுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச் இருப்பதைக் கை கழுவப் போனபோது பார்த்திருந்தேன். போய்க் கீழே இழுத்துவிட்டேன். விளக்கு அணைந்தது, காற்றாடி நின்றது, கிதார் சத்தம் பாதியில் அறுந்தது. நான் அங்கேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மேடையில் பாடகர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம். நிலாமணி மொத்தமும் பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் தம்பிராசா சட்டைக் கையை மடித்துவிட்டு ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். மணப்பெண்ணுக்கு வேர்த்துக் கொட்டியது, இரண்டு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ பின்னால் வந்து நின்றார்கள். முனியாண்டி. சுவிட்சில் இருந்த என் கையை மெதுவாக எடுத்துவிட்டு அவனே அதை மேலே தள்ளினான். ஓடி வந்தவர்களிடம் "பியூஸ்லா, சரி பண்ணிட்டேன்" என்றான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதையும் நான் மன்னிக்கவில்லை, அவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமையில் என்னை வைத்துவிட்டான். அவர்கள் போன பிறகு என் காதருகில் சொன்னான்: "கரண்ட்ட நிறுத்திட்ட மச்சான், மழைக்கு எங்க போவ?"

தம்பிராசா சொன்னது

பிறகு எல்லாம் கலைய ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தை விற்றார்கள். கித்தா மரத்தைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். நான் ஈப்போவுக்கு வந்து டயர் கடையில் சேர்ந்தேன். நாகம்மாக்கா மகனோடு சிலாங்கூர் போய்விட்டாள். தோட்டம் போனால் தோட்டத்துத் திருவிழா எங்கே இருக்கும். கடைசியில் வால் என்று மிஞ்சியது நானும் முனியாண்டியும்தான். தம்பிராசா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவில் மகளிடம் போகிறார் என்று கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிறு மாலை, ஈப்போவில் சின்ன மண்டபத்தில் கடைசிக் கச்சேரி. பாதி நாற்காலி காலி. என்னை யாரும் இடத்தை விட்டு எழுப்பவில்லை. அன்றைக்கு அவர் காட்டுக்குள் போனார், ஆனால் சீக்கிரம் திரும்பிவிட்டார். வயசாகிவிட்டது.

முடிந்த பிறகு பின்பக்கம் தேத்தண்ணி கொடுத்தார்கள். பதினைந்து வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரே என்னிடம் வந்தார். "நீர் எல்லே எந்த நாளும் இடப்பக்கம் நிக்கிறனீர்?" என்றார். தலையாட்டினேன். இப்போது கேட்காவிட்டால் இனி இல்லை என்று தோன்றியது. "ஐயா, சுங்காய்ல ஒருநாள் மழையில வாசிச்சீங்களே" என்றேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டார். "ஓம். கரண்ட் போச்சுது. நான் நிப்பாட்டுவம் எண்டுதான் நினைச்சனான். நிமிர்ந்து பார்த்தால் நீர் முன்னுக்கு நிண்டு தலையாட்டிக்கொண்டு நிக்கிறீர். சரி, இந்த மனிசனுக்காக இன்னும் கொஞ்சத் தூரம் போவம் எண்டு போனனான். பிறகு ஒருநாளும் அப்பிடி வரேல்லை."

அது நான் இல்லை ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அங்கே நின்று தலையாட்டியவன் எவனோ. தனக்காகத்தான் அந்த வாசிப்பு என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற முனியாண்டி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தேத்தண்ணியை ஒரு மடக்கு குடித்தான். பிறகு எனக்கு முந்திக்கொண்டு சொன்னான்: "ஆமாங்கய்யா, என் மோட்டார்லதான் கூட்டிட்டு வந்தேன்."

ஒரு குழுவுக்குப் பின்னால் பதினைந்து வருஷம் அலைந்து நான் கண்ட பலன் இவ்வளவுதான்: போன கச்சேரிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்டன, போகாத ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.