தலைவருக்குப் போர்த்திய பீச் டவல்

எண்பதுகளின் நடுவில் புக்கிட் பாத்தோக்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி புளோக்கில் குடியேறினோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். வீட்டில் இடம் கிடையாது. சுவரில்லாத கீழ்த்தளத்துக் கல் மேசையில்தான் எல்லாப் பரீட்சைக்கும் படித்தேன். மழை அடித்தால் புத்தகம் நனையும். பந்து வந்தால் முதுகில் விழும். நான் படித்து முடித்த பிறகும் அதே மேசையில் வேறு பிள்ளைகள் குனிந்து எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். பக்கத்திலேயே குடியிருப்பாளர் குழுவின் அறை, மேசை நாற்காலியோடு பூட்டிக் கிடந்தது.

வாரத்தில் இரண்டு மாலை அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும்படி குழுத் தலைவரிடம் கேட்டேன். "பாக்கலாம் தம்பி" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் "பாக்கலாம் தம்பி". அவரும் தமிழர்தான். எங்கள் புளோக்கில் நடத்தும் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்து, எல்லார் முன்னாலும் கேட்டால் தட்டமாட்டார் என்று நினைத்தேன். காரணங்களை எல்லாம் சேர்த்து ஒரு பேச்சு எழுதி, சுத்தத் தமிழில் மனப்பாடம் செய்தேன். பொன்னாடை வாங்கும் வேலையை மட்டும் மேல்வீட்டு அண்ணனிடம் விட்டேன்.

அவருக்குச் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் வேலை. சிராங்கூன் ரோட்டுத் தமிழ்க் கடைகளில் நல்ல ஜரிகைத் துண்டாக வாங்கச் சொல்லியிருந்தேன். மேடையில் பையைப் பிரித்தால், ஆளுயரத்துக்கு ஒரு பீச் டவல். ஆற்றோரத்துப் பழைய மணிக்கூண்டுக் கட்டடத்தின் வண்ணப் புகைப்படத்தை அதில் முழுசாக அச்சடித்திருந்தார்கள்.

"என்னண்ணே இது?"

"ஏர்போர்ட்ல வாங்கினேன் லா. ஜரிகைத் துண்டு அவர் வீட்டுல மூட்டையாக் கிடக்கும். இது யூஸ் ஆகும்."

"பொன்னாடைண்ணே!"

"துண்டுதானே? போர்த்து, போர்த்து. எல்லாரும் பாக்கிறாங்க."

போர்த்தினேன். கைதட்டல் அடங்கியதும் பொன்னாடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுவதுதான் வழக்கம். அன்று மழைக்காற்று. தலைவர் மடிக்கவில்லை. முன்பக்கமாகத் திருப்பிக் கழுத்துவரை போர்வைபோல இழுத்து மூடிக்கொண்டார். மணிக்கூண்டு அவர் தொப்பைமேல் எழும்பி நின்றது.

நான் பேச ஆரம்பித்தேன்.

"டேய், மணி என்னடா?" என்றான் முன்வரிசையில் ஒரு பையன்.

"இரு, சார் தொப்பையப் பாத்துச் சொல்றேன்."

முன்வரிசை சிரித்தது. பிறகு பின்வரிசை. படிக்கும் பிள்ளைக்கு ஒரு மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தலைவரே குனிந்து தன் வயிற்றைப் பார்த்துவிட்டுக் குலுங்கினார். மணிக்கூண்டும் குலுங்கியது. அடுத்த வரி மறந்துபோனது. பாதிப் பேச்சை விழுங்கிவிட்டு அறையைக் கேட்டு முடித்தேன். அவர் பதிலுக்குப் பேசும்போது டவலுக்கு நன்றி சொன்னார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும் இடத்தில் திரும்பவும் போய் நின்றேன்.

"எழுதிக் குடு தம்பி, பாக்கலாம்."

"சார், டவல் எப்படி?" என்று அண்ணன் நடுவில் புகுந்தார்.

"அருமைப்பா! பேரன் பீச்சுக்கு எடுத்துட்டுப் போவான். ஆனா பேத்தி சண்டைக்கு வருவாளே. இன்னொண்ணு கிடைக்குமா?"

"நம்ம காசுலயே வாங்கிடலாம் சார். அந்த ரூம் சாவி…"

"அதுக்கென்ன, செவ்வா வியாழன் எடுத்துக்கங்க."

எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

"அதான் கிடைச்சிருச்சுல்ல, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே?" என்றார் அண்ணன்.

"நான் சொன்னது ஒண்ணுகூட அவர் காதுல ஏறலண்ணே."

"சாவி கைக்கு வந்துச்சா இல்லியா?"

வந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அது சேரவேண்டிய இடம் என்று ஒத்துக்கொண்டு அவர் கொடுத்திருக்க வேண்டும். அதற்குத்தானே அத்தனை நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன்?

செவ்வாய்க்கிழமை அறையைத் திறந்தேன். இந்த இடம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்று, மேடையில் விழுங்கிய பாதியையாவது பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர்கள் கணக்குப் புத்தகத்தை விரித்திருந்தார்கள்.

"கதவச் சாத்துங்கண்ணே, வெளிய ஒரே சத்தம்" என்றாள் ஒரு பெண், தலையைத் தூக்காமலே.

சாத்தினேன்.