சவரிமுத்துவின் அம்பாசடர்

மந்தாரக்குப்பத்தில் கான்ட்ராக்டர் சிங்காரவேலுவின் அம்பாசடரை ஓட்டுகிறவர் சவரிமுத்து. டிரைவர் ஆவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நெய்வேலி சுரங்கத்துக்குச் சைக்கிள் மிதித்தவர். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறினால் சைக்கிள்காரன் பாடு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருநாள் ஷிப்ட் விடும் நேரம். தூக்குவாளிகள் ஆட, ரோடு முழுக்கச் சைக்கிள்கள். சவரிமுத்து காரைச் சைக்கிள் வேகத்துக்கே இறக்கினார். பின்சீட்டில் சிங்காரவேலுவுக்கு எரிச்சல் மண்டியது.

"ஹாரன் அடிய்யா! ஆபீஸ்ல காத்துக்கினு இருக்காங்க."

"அடிச்சா சைக்கிள்காரன் திரும்பிப் பாப்பான் முதலாளி. பாத்தா ஹேண்டிலும் நம்ம பக்கந்தான் திரும்பும். நானும் அப்பிடித் திரும்பி விழுந்தவன்தான். மிதிச்சுப் பாத்தவனுக்குத்தாங்க அது தெரியும்!"

குரல் உயர்ந்துவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில், முன்னால் போன ஒருவர் தானாகவே ஒதுங்கிக் கைகாட்டினார். சவரிமுத்து ராஜா மாதிரி தலையசைத்துவிட்டுக் கடந்தார்.

மறுவாரம் பிரேக் பார்க்க வண்டியை மெக்கானிக் கருணாகரனிடம் விட்டார்கள். முதலாளியும் கூடவே வந்திருந்தார். கருணாகரன் கைபோக்கில் ஹாரனை அழுத்தினான். சத்தமே வரவில்லை. பிரித்துப் பார்த்தால், ஒயர் அறுந்து, முனை பச்சை பூத்துக் கிடந்தது.

"எத்தினி நாளாண்ணே இப்பிடிக் கெடக்குது?"

சவரிமுத்து முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

"எனக்கென்னடா தெரியும்? நான் என்னிக்கு அதை அழுத்தினேன்?"