ஐந்தாம் வால்வில் கேட்ட சத்தம்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. யாருக்கு அது ஞாபகம்? எல்லோருக்கும் அவள் 'பாம்புக்காது'தான். குடிநீர் வாரியத்தில் கசிவு பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். கையில் நெஞ்சளவு இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு சின்ன மரக்கிண்ணம். கம்பியை வால்வின் மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்தால், மண்ணுக்கடியில் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் சுண்ணாம்பில் போட்ட வட்டத்தைத் தாண்டி யாரும் ஒரு சாண்கூடத் தோண்ட வேண்டி வந்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு காது.

அதாவது, அப்படி ஒரு காது இருந்தது. போன வருஷம் இடது காது மொத்தமாகப் படுத்துவிட்டது. வலது காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம். சொன்னால் என்ன ஆகும்? மறுநாளே கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஏதாவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் கட்டின கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. ஈரத்தைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் தெருவில் ஒரு தண்ணீர்க்குழு உண்டு. மருந்துக்கடைக்காரர் தலைவர், வாரியத்தில் அவளுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசரே செயலாளர். கடல் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு பணம் திரட்டி ஊற்றிலிருந்து இரும்புக் குழாய் போட்டுக் கொடுத்தது இந்தக் குழுதான். கூடவே ஆறு கழிப்பறைகள். அங்கிருக்கும் நர்ஸ் படித்தது இந்த ஊரில், நம் பேச்சு நன்றாக வரும். அந்த நர்ஸ்தான் மூன்று நாள் முன்பு போனில் அழுதாள். ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, தொட்டிக்கு வரவில்லை. குழாய் நடுவில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. வார்டு நிறைய வாந்திபேதிக் குழந்தைகள்.

"நம்மகிட்டதான் பாம்புக்காது இருக்கே!" என்றார் மருந்துக்கடைக்காரர். நர்ஸ் எட்டு வால்வுகளிலும் போனை ஒட்டி வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். மருந்துக்கடை மாடியில் இவள் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மீண்டும் முதலிலிருந்து. எட்டிலும் ஒன்றுமே இல்லை. எதிரே இரண்டு பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அதில் ஒருவர் சூப்பர்வைசர்.

"அஞ்சாவது" என்றாள். நர்ஸ் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் குழாய் வளைந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அது நேற்று. இன்று காலை அதே மாடியில், அதே நாற்காலியில், மேஜை மேல் ஸ்பீக்கரில் நர்ஸின் குரல்.

"அக்கா, இடுப்பளவு தோண்டியாச்சு. அஞ்சாவதுல குழாய் காஞ்ச மண்ணுல பளிச்சுன்னு கிடக்கு. தொட்டியில இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தண்ணி. புதுசா யாரையும் சேர்க்க வேண்டாம்னுட்டார் டாக்டர். இப்பதான் ரெண்டு குழந்தைங்களை வாசல்லயே திருப்பி அனுப்பினேன். ஆத்துத் தண்ணி குடிக்கிற வீட்டுப் பிள்ளைங்க அக்கா. நானே கதவைச் சாத்தினேன்."

அவள் நர்ஸ் அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தாள்.

"நாலா, ஆறா? சொல்லுங்கக்கா. அங்க ஆளுங்க மண்வெட்டியோட நிக்கறாங்க" என்று பறந்தார் மருந்துக்கடைக்காரர்.

"அவசரப்படுத்தாதீங்க. அவங்களுக்கு ஒரு தடவை தப்பலாம், ரெண்டாவது தடவை தப்பாது" என்றார் சூப்பர்வைசர்.

பாவி மனுஷன், திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாலு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அது தப்பினால் ஆறு. அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அந்தக் குழந்தைகள் இந்நேரம் எந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கும்?

"எனக்கு எதுவுமே கேக்கல" என்றாள்.

"என்னக்கா?"

"எட்டுலயும் ஒண்ணும் கேக்கல. நேத்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்குக் காது போயிடுச்சு. இடது பக்கம் சுத்தமா இல்ல. ஒரு வருஷமாச்சு."

மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "ஒரு நாள் முழுக்க நாசமாக்கிட்டீங்களே! தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்ன கேடு?" அவர் கேட்டதில் தப்பில்லை.

சூப்பர்வைசர் இயர்போனை எடுத்துத் தன் காதில் மாட்டினார். எட்டையும் ஓட்டினார். பிறகு மருந்துக்கடைக்காரர் காதில் திணித்தார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எனக்கும் கேக்கலையே!" என்றார்.

விஷயம் இதுதான். போன் பேச்சைப் பிடிக்கச் செய்த சாமான். ஒரே சீராக வரும் இரைச்சலைக் குப்பை என்று துடைத்துப் போட்டுவிடும். கசிவின் சத்தமோ வெறும் இரைச்சல்தான். நேற்று அவள் கேக்கல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஐந்து நிமிஷத்தில் இது தெரிந்திருக்கும். உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் கூசாமல் சொல்லியிருப்பார்கள். அவளால் மட்டும் முடியவில்லை. அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எரிந்துகொண்டு உட்கார நேரமில்லை.

போனைக் கையில் எடுத்தாள். "அம்மாடி, கழுத்துல ஸ்டெதஸ்கோப் இருக்கா?"

"இருக்குக்கா."

"அதை எடுத்துக்கிட்டு ஓடு. இனிமே கேக்கப்போறது நீதான். ஒவ்வொரு வால்வுலயும் அதோட வட்டை இரும்புல அழுத்தி வை. மூச்சைப் பிடிச்சுக்கோ. பால் பொங்க வர்ற மாதிரி ஒரு சத்தம் இருக்கும்."

நர்ஸ் ஓடினாள். கூடவே அங்கே வீசிய காற்றும், அவளுடைய மூச்சிரைப்பும் ஸ்பீக்கரில் ஓடி வந்தன. எட்டில் ஒன்றுமில்லை, ஏழில் இல்லை, ஆறில் இல்லை, ஐந்திலும் இல்லை. நாலாவதில், "ஏதோ... லேசா..." என்றாள். மூன்றாவதில் கத்தியே விட்டாள். "அக்கா! இரையுது அக்கா!"

"நில்லு. ரெண்டாவதுக்கும் போ."

"மூணு அளவுக்கு இல்ல. நாலை விட ஜாஸ்தி."

"அப்ப ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, மூணு பக்கமா இருக்கு. மூணுலேருந்து ரெண்டைப் பார்த்து நட. பத்தடிக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு இரும்புக் கம்பியைக் குழாய்ல இடிக்கிற வரைக்கும் மண்ணுல இறக்கி, கம்பித் தலையில வட்டை வச்சுக் கேளு. சத்தம் ஏறி, எங்க குறைய ஆரம்பிக்குதோ அங்கேருந்து முந்தின இடத்துக்கே திரும்பி வா."

முப்பதடியில் நின்றாள் நர்ஸ். மண்வெட்டிகள் இறங்கின. ஒன்றரை மணி நேரம் மாடியில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு அங்கே ஒரே கூச்சல். ஒரு பாறை அழுத்தி இணைப்பு பிளந்திருந்தது, தண்ணீர் முழுக்கச் சரளைக்குள் போய்க்கொண்டிருந்தது. கவ்வு போட்டு இறுக்கி, நாலு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விழுந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் கைதட்டினார், காலையில் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டார். சூப்பர்வைசர் தட்டவில்லை.

"திங்கக்கிழமை நீங்க வாரிய டாக்டரைப் பார்க்கணும். நான் எழுதியாகணும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்க என்னால முடியாது" என்றார்.

"எழுதுங்க சார்." கம்பி போகப்போகிறது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் கேட்டாள். "அந்த ரெண்டு குழந்தைங்க என்னாச்சும்மா?"

"தேடிக்கிட்டு ஆள் போயிருக்குக்கா."

ஐந்தரைக்கு ஒன்று வந்தது, அப்பாவின் தோளில். டிரிப் ஏற்றியாகிவிட்டது, கண் திறந்து பார்க்கிறது என்றாள் நர்ஸ்.

மருந்துக்கடைக்காரர் ஜன்னல்களைச் சாத்தினார். "கிளம்புங்கக்கா. எதுனா இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க."

அவள் ஸ்பீக்கரை அணைத்து, போனை வலது காதில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க. இன்னொண்ணும் வரட்டும்" என்றாள்.